அடுப்பும் அயனிமண்டலமும்

மதுரையில் என்னை யாரும் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பதில்லை. "முடிஞ்சிருச்சா?" என்றுதான் கேட்பார்கள். பால்காரர் முதல் மாமனார் வரைக்கும் அதே கேள்விதான். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்திக்கொண்டே ஒன்பது வருடமாகப் பகுதிநேர ஆராய்ச்சி மாணவனாக இருக்கிறேன். இந்த மாதக் கடைசியோடு என் பதிவு காலாவதியாகிறது. இனி நீட்டிப்பு கிடையாது என்று கடிதமே வந்துவிட்டது. அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டுதான் கொழும்புக்கு விமானம் ஏறினேன்.

ஆராய்ச்சி என்னவென்று சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம். நம் தலைக்கு மேலே இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் அயனிமண்டலம் என்று ஒன்று இருக்கிறது. வெயில்பட்டுக் காற்றணுக்கள் உடைந்து மின்னேற்றம் பெற்ற அடுக்கு. சிற்றலை ரேடியோவை மேலே அனுப்பினால் அது முட்டித் திரும்பி வரும். அந்த அடுக்கு சும்மா இருப்பதில்லை. கல்யாணப் பந்தல் துணி காற்றில் ஏறி இறங்குவதைப் போல அதில் அலைகள் ஓடுகின்றன. பந்தல் மேலே போனால் திரும்பி வரும் ரேடியோவின் துடிப்பு ஒரு துளி குறையும், கீழே வந்தால் ஒரு துளி கூடும். நொடிக்கு ஐம்பது லட்சம் துடிப்பு. அதில் அரைத் துடிப்பு கூடிக் குறைவதைத்தான் நான் ஒன்பது வருடமாக உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பாலிடெக்னிக் மொட்டை மாடியில் உரிமம் பெற்ற சின்ன ஒலிபரப்பி ஒன்று உண்டு. அதைக் கேட்க மேற்கே கோயம்புத்தூரில் ஒரு வாங்கி, அதாவது ரிசீவர், கிழக்கே நாகப்பட்டினத்தில் ஒரு வாங்கி. இந்த இரண்டில் வந்த பதிவுகளை வைத்து, பகல்நேர அலைகள் வடக்கிலிருந்து தெற்கே போகின்றன என்று முந்நூறு பக்கம் எழுதினேன். தேர்வாளர் ஒரே வரியில் திருப்பி அனுப்பினார். இரண்டு நிலையமும் கிழக்கு மேற்காக ஒரே கோட்டில் இருக்கின்றன. வடக்கிலிருந்து வந்தாலும் தெற்கிலிருந்து வந்தாலும் அலை இரண்டையும் ஒரே நேரத்தில்தான் தொடும். எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று உமக்கு எப்படித் தெரியும்? படித்தபோது என் முகத்தில் ஈயாடவில்லை. மனுஷன் கேட்டது நியாயம்தான்.

தெற்கே மூன்றாவதாக ஒரு நிலையம் வேண்டும். ஒரே ஒரு அலை மூன்றிலும் விழுந்தால் போதும். மதுரைக்குத் தெற்கே போகப்போக நிலம் தீர்ந்துபோகிறது. கடலுக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் லோகநாதன். அங்கே தேயிலைத் தொழிற்சாலைக்கு ஸ்டோர் என்று பெயர். அவரும் என்னைப்போல ரேடியோ பைத்தியம். நான்கு வருடமாகச் சிற்றலையில் பேசிக்கொண்டிருக்கிறோம், முகம் பார்த்ததில்லை. கேட்டேன். "பொட்டியத் தூக்கிக்கிட்டு வாங்க சார், மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்" என்றார். ஆறு நாள் விடுப்பு கிடைத்தது.

முதல் நாள் முழுக்க ரயில். மதுரை ரயிலில் வடை வாங்கினால் வடை மட்டும்தான் இருக்கும். இங்கே வடையின் மேல் முழு இறால் ஒன்று மீசையோடு என்னை முறைத்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கடித்தேன். பிறகு கண்ணைத் திறந்து இன்னும் இரண்டு வாங்கினேன்.

எதிர் இருக்கையில் ஒரு சிங்களப் பெரியவர் என் இரண்டு பெட்டிகளையும் நெடுநேரம் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். பக்கத்தில் இருந்த ஹட்டன்காரப் பெண் மொழிபெயர்த்தாள். "பொட்டில என்னன்னு கேக்குறாருங்க." ரேடியோ என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு இன்னொன்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஒங்க ஊர்ல பாட்டு கேக்குறதுக்கு இத்தாம் பெரிய ரேடியோவா வேணும்னு கேக்குறாரு." ரயில் பெட்டியே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

தலவாக்கலையில் இறங்கி அக்கரப்பத்தனை பஸ்ஸைப் பிடித்தபோதுதான் என் சனி கூடவே ஏறியது. பெரிய பெட்டியில் ரேடியோ வாங்கி. சின்னப் பெட்டியில் அதைவிட விலையுயர்ந்த ஜிபிஎஸ் கடிகாரம். அரைத் துடிப்பைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் அளக்கிற கருவியின் துடிப்பு அசையவே கூடாது. செயற்கைக்கோள்களைப் பார்த்துப் பார்த்து அதை அசையாமல் பிடித்து வைப்பது அந்தக் கடிகாரம்தான். மடியில் வைத்துக்கொள்ளும்படி நடத்துநர் சொன்னார். மதுரை டவுன் பஸ்ஸில் இருபது வருடம் தொங்கியவனுக்கு யோசனை சொல்வதா? மேல் தட்டில் வைத்தேன்.

நான்காவது வளைவில் பெட்டி கீழே விழுந்தது. அதன் மேல் ஒரு உருளைக்கிழங்கு மூட்டை விழுந்தது. மூட்டைக்காரர் பதறிப்போய்க் கிழங்கு நசுங்கிவிட்டதா என்று பார்த்தார். கிழங்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஸ்டோர் வாசலில் லோகநாதன் நின்றுகொண்டிருந்தார். குரலை வைத்து ஆறடி ஆள் என்று நினைத்திருந்தேன். என் தோள் உயரம்தான் இருந்தார். கட்டிப்பிடித்துக்கொண்டோம். அவர் பங்களாவில் பெட்டியைத் திறந்து பார்த்தால் கடிகாரம் செத்துக் கிடந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் மனைவி சுடச்சுடத் தேங்காய் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் கொண்டுவந்து வைத்தார். துக்கத்தில் நான்கு ரொட்டி சாப்பிட்டேன்.

வாங்கிக்குள்ளேயே மாற்றாக ஒரு குவார்ட்ஸ் படிகம் உண்டு. கைக்கடிகாரத்தில் இருக்கிற சாமானின் பெரிய அண்ணன். அதை வைத்துச் சமாளிக்கலாம் என்று முடிவு செய்தேன். என் வழிகாட்டிக்குத் தொலைபேசியில் சொன்னேன். வழிகாட்டியின் பெயர் வெண்ணிலா. என்னிடம் டிப்ளமோ படித்த பெண். விறுவிறுவென்று படித்துப் பேராசிரியராகி, இப்போது எனக்கே வழிகாட்டி. நான் அவரை மேடம் என்கிறேன், அவர் என்னை சார் என்கிறார். ஒவ்வொரு முறையும் முதல் அரை நிமிடம் இரண்டு பேருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும்.

"படிகம்னா சூடு குளிர் மாறாம பாத்துக்கணும் சார்" என்றார்.

"அது எனக்குத் தெரியாதா மேடம்? நான்தானே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன்" என்றேன். இந்த வாக்கியத்துக்காக நான் பிறகு வெட்கப்பட்டேன்.

இரண்டாம் நாள் விடிந்ததும் கம்பி கட்டினோம். ஸ்டோர் கூரையிலிருந்து எதிர்ச் சரிவில் நின்ற சவுக்கு மரம் வரைக்கும் நீளமாக ஒரு செம்புக் கம்பி. காலைப் பெரட்டு முடிந்து, வேலை பிரித்து வாங்கிக்கொண்டு கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் சாலையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி கேட்டாள்: "இந்தியாவுலருந்து துணி காயப்போடவா வந்திருக்காரு?" இன்னொருத்தி பதில் சொன்னாள்: "போட்டாலும் இந்த ஊர்ல காயவா போகுது!" மரத்தில் ஏறியிருந்த நான் கம்பியை இறுக்கிக் கட்டினேன்.

துணி காயாது என்பது உண்மைதான். அந்த ஊரில் குளிர்கூட எனக்குப் பெரிதில்லை, ஈரம்தான் பயமாக இருந்தது. பங்களாச் சுவர் வியர்த்தது. ஒரே ராத்திரியில் என் தோல் செருப்பில் பூஞ்சை பூத்திருந்தது. கருவியைத் தன் அலுவலக அறையில் வைக்கலாம் என்றார் லோகநாதன். அங்கே மேசை மேலிருந்த காகிதம் எல்லாம் அப்பளம் மாதிரி நமுத்துக் கிடந்தது. ஸ்டோர் முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். மேல்மாடியில் கொழுந்தை வாட்டுகிற நீளத் தொட்டிகள், கீழே உருட்டுகிற இயந்திரங்கள், எல்லாம் ஈரம். கடைசியில் தேயிலையைக் காயவைக்கும் அறைக்கு வந்தேன். விறகு அடுப்பு எரிகிறது. அதன் சூட்டுக்காற்று உலர்த்தி இயந்திரத்துக்குள் போகிறது. சுவரைத் தொட்டுப் பார்த்தேன். கதகதவென்று, காய்ந்து, பங்குனி மாத மதுரைச் சுவர் போலவே இருந்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"இங்கேதான்" என்றேன்.

அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் மருதை, என் வயதுக்காரர், தலையில் துண்டு கட்டிக்கொண்டு விறகை எடுத்துக்கொண்டிருந்தார். "இங்கயாங்க? சூடா இருக்குமே சார்" என்றார்.

"சூடாத்தான் வேணும்" என்றேன். அவர் விறகைக் கீழே போட்டுவிட்டு வந்தார். சுவரை ஒட்டி ஒரு பலகை அடித்துக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலை ஏழரை மணிக்கு மடிக்கணினியைத் திறந்தேன். சற்று நேரத்தில் திரையில் அலை. ஒன்றல்ல, வரிசையாக அலைகள். அரைமணிக்கு ஒன்று, ஏறி இறங்கி, ஏறி இறங்கி. ஒன்பது வருடத்தில் இப்படி அழகான பதிவை நான் பார்த்ததே இல்லை. பத்து மணிக்குள் ஐந்து அலை! தலைகால் புரியவில்லை. லோகநாதனை இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். அவர் ஆளனுப்பிப் பஜாரிலிருந்து பூந்தி வாங்கிவரச் செய்தார். ஸ்டோரில் எல்லோருக்கும் பூந்தி. உருட்டு இயந்திரக்காரர் வாயில் போட்டுக்கொண்டே "என்ன விசேசம்?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். "வானத்துல ஏதோ பிடிச்சுட்டாராம்." "அப்ப நல்லதுதான்."

படத்தை வெண்ணிலாவுக்கு அனுப்பிவிட்டு அழைத்தேன்.

"சார், கோயம்புத்தூர்லயும் நாகப்பட்டினத்துலயும் ஒண்ணுமே இல்லையே. ரெண்டு கோடும் அசையாம இருக்கு."

"அப்ப இது தெற்கே மட்டும் இருக்கிற அலை. புதுக் கண்டுபிடிப்பு மேடம்."

"சார்... இன்னொரு தடவ பாத்துருங்களேன்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பட்டம் வாங்குகிற நேரத்தில் எல்லாருக்கும் என் மேல் சந்தேகம். போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மருதை விறகு போட்டுவிட்டு வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார். பூந்தி சாப்பிட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. இது நம்ம அடுப்புங்க."

"எது?"

"இந்தக் கோடு. இது அடுப்புதான்." கரி படிந்த விரலைத் திரையில் படாமல் நீட்டினார். "கீழ மணி போட்டிருக்குல்ல? இந்தா, ஏழு அம்பது. வெறகு போட்டேன், சட்டுனு ஏறிருக்கு பாருங்க. அப்புறம் மெல்ல எறங்குது. இங்கன திரும்பப் போட்டேன். இந்த எடத்துல கோணலா ஏறாம கெடக்குல்ல? அது ஈர வெறகு, பொகஞ்சுக்கிட்டே கெடந்துச்சு. இங்கன நீளமா எறங்குதுல்ல, அது நான் தேத்தண்ணி குடிக்கப் போயிட்டேன்."

"அப்ப இது?" கடைசியாக இருந்த சின்ன மேட்டைக் காட்டினேன்.

"அது பூந்தி வந்த நேரம். அரைக்கட்டுதான் போட்டேன்."

என் படிகம் வானத்தைப் பார்க்கவேயில்லை. சுவரின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுப்பு சூடேறும்போதெல்லாம் படிகத்தின் துடிப்பு நழுவியது. அந்த நழுவலைத்தான் நான் வான் அலை என்று ஊருக்குப் பூந்தி கொடுத்துக் கொண்டாடியிருக்கிறேன். சூடு மாறக்கூடாது என்பது எனக்குப் பாடமாகவே தெரியும். ஆனால் ஈரத்துக்குப் பயந்து ஓடி, கதகதப்பைக் கண்டதும் மதுரைக்காரப் புத்தி மயங்கிவிட்டது. இதைவிட அசடு வழிய ஒரு மனிதனால் முடியாது. இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

லோகநாதன் அதட்டப்போனார். "மருதை, படிச்சவங்கக்கிட்ட இப்படியா பேசுறது?" நான் அவரைக் கையமர்த்தினேன். "ஐயா, அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஒவ்வொரு அலைக்கும் கணக்குச் சொல்லிவிட்டார். என்னால் ஒன்றுக்குக்கூடச் சொல்ல முடியவில்லை." மருதைதான் சங்கடப்பட்டார். "நல்லா இருக்குன்னுதான் சார் நெனச்சேன். நம்ம வேலய யாரும் இப்படிப் படம் போட்டுப் பாத்ததில்ல" என்றார்.

அடுத்த கேள்வி, எங்கே வைப்பது? அலுவலக அறையில் காலைக்குளிரும் மதிய வெயிலும் மாறி மாறி அடிக்கும். மண்ணில் புதைக்கலாம் என்றால் மண்ணெல்லாம் தண்ணீர். பன்னிரண்டு மணி வரைக்கும் மூன்று பேரும் யோசித்தோம். எனக்குப் பசியில்லை. மருதை மட்டும் சாப்பாட்டு நேரம் வந்ததும் எழுந்து போனார்.

படிக்கட்டுக்குக் கீழே ஒரு சாக்கு இருந்தது. தேயிலையைச் சலிக்கும்போது பஞ்சு பஞ்சாகப் பிரிந்து வருகிற தூசு அதில் நிறைந்திருந்தது. விற்க முடியாத கழிவு. மருதை அதற்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு தூக்குச் சட்டியை வெளியே எடுத்தார். அதற்குப் பக்கத்திலிருந்து இன்னொருவர் தன் சட்டியை எடுத்தார். எனக்கும் ஒரு ரொட்டி பிய்த்துக் கொடுத்தார்கள். வாயில் வைத்தேன். நாக்கு பொத்துப்போயிற்று.

"இது எப்ப சுட்டது?"

"வெள்ளன அஞ்சு மணிக்கு வீட்ல சுட்டதுங்க. பெரட்டுக்கு முன்னால கொண்டாந்து பொதச்சிருவோம். பன்னெண்டு மணிக்கும் ஆவி பறக்கும். ஸ்டோர்ல எல்லாரும் அப்படித்தான்."

ரொட்டியை மென்றபடியே நான் எழுந்து நின்றுவிட்டேன். சூட்டை ஏழு மணி நேரம் வெளியே விடாத சாக்கு, வெளிச்சூட்டை உள்ளேயும் விடாது! மருதையைக் கட்டிப்பிடித்தேன். குழம்பு என் சட்டையில் ஊற்றியது.

ஒரு மணிக்கெல்லாம் வாங்கியையும் படிகத்தையும் இரண்டு பிளாஸ்டிக் பைகளில் இறுகக் கட்டி, சாக்கின் நடுவில் புதைத்தோம். ஒயர் மட்டும் வெளியே. தூக்குச் சட்டிகளுக்கு வேறு சாக்கு ஏற்பாடாயிற்று. ஒரு மூதாட்டி வந்து, தன் சட்டியின் இடத்தை யார் பிடித்தது என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் வரைக்கும் கோடு மெதுவாகச் சாய்ந்துகொண்டே வந்து, பிறகு படுத்தது. அன்று படுத்ததுதான், அசையவில்லை.

நான்காம் நாள் முழுக்கக் கோடு அசையாமல் கிடந்தது. அடுப்பு எரிந்தது, அணைந்தது, கோடு கண்டுகொள்ளவேயில்லை. படிகம் ஒழுங்காகிவிட்டது, சரி. ஆனால் வானமும் அல்லவா சும்மா கிடந்தது! கோயம்புத்தூரிலும் ஒன்றுமில்லை, நாகப்பட்டினத்திலும் ஒன்றுமில்லை. அலை எல்லா நாளும் வராது. வரவழைக்கவும் முடியாது. இருப்புக்கொள்ளாமல் பஜாருக்கு நடந்தேன். ஒரு மளிகைக் கடையில் பால் சேர்க்காத பிளேன்டீ கொடுத்தார்கள். உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு நக்கி நக்கிக் குடிக்க வேண்டும். நான் சீனி முழுவதையும் முதல் வாயிலேயே தின்றுவிட்டு மிச்சத்தைக் கசப்பாகக் குடித்தேன். கடைக்காரர், "எத்தன நாளைக்கு இருக்கீங்க?" என்று கேட்டார். நாளை மதியம் பஸ் என்றேன். வெறுங்கையோடு போனால் ஒன்பது வருடமும் அவ்வளவுதான். "முடிஞ்சிருச்சா?" என்று கேட்பவர்களிடம், "ஆமா, முடிஞ்சிருச்சு" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

ஐந்தாம் நாள். மூட்டை கட்டிவிட்டு ஸ்டோருக்கு வந்து படிக்கட்டுக்குக் கீழே மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். எட்டு, ஒன்பது, பத்து. கோடு கோடாகவே இருந்தது. பத்தே காலுக்குத் தொலைபேசி அடித்தது.

"சார்!" வெண்ணிலா இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை, பரீட்சை முடிவு வந்த அன்றைக்குத் தவிர. "பத்து அஞ்சுக்கு ரெண்டுலயும் கெளம்பிருச்சு சார். கோயம்புத்தூர், நாகப்பட்டினம், ஒண்ணா ஏறுது. பெரிய அலை. உங்களுக்கு என்ன காட்டுது?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

"முன்னாடி? ஒம்பதரை, ஒம்பதே முக்கால்?"

பின்னால் தள்ளிப் பார்த்தேன். அப்போதும் ஒன்றும் இல்லை. தெற்கிலிருந்து வந்திருந்தால் என் கோட்டைத் தொட்டுவிட்டுத்தான் வடக்கே போயிருக்க வேண்டும். தொடவில்லை. அப்படியானால் அது வடக்கிலிருந்து கிளம்பி இப்போது வந்துகொண்டிருக்கிறது! மதுரையிலிருந்து கிளம்பும் என் ரேடியோ இந்த ஊருக்கு வரும் வழியில் முட்டித் திரும்புகிற இடம் மன்னார் வளைகுடாவுக்கு மேலே இருக்கிறது. அங்கே வந்து சேர அலைக்கு இருபது நிமிடத்திலிருந்து அரைமணி நேரம் ஆகும். வந்தால். நடுவழியில் கரைந்துபோகிற அலைகளும் உண்டு.

போனை வைக்க வேண்டாம் என்று சொல்லி ஒலிபெருக்கியில் போட்டுவிட்டேன். லோகநாதன் வந்தார். மருதை வந்தார். சலிக்கிற பெண்கள் இரண்டு பேர் முகத்துணியோடு வந்து நின்றார்கள். பத்து இருபது. பத்து இருபத்தைந்து. பத்து இருபத்தெட்டுக்கு லோகநாதன் திடீரென்று திரும்பி, "டேய் மருதை, சூடு எறங்கிருச்சுடா! தேயிலை போயிரும்!" என்று கத்தினார். மருதை ஓடினார். அடுப்புக் கதவு திறக்கிற சத்தமும், விறகு விழுகிற சத்தமும் இங்கே வரைக்கும் கேட்டது.

பத்து முப்பத்தாறுக்குக் கோடு அசைந்தது.

முதலில் என் கண்தான் அசைகிறது என்று நினைத்தேன். பிறகு லோகநாதன் என் தோளைப் பிடித்தார். கோடு ஏறிக்கொண்டிருந்தது. "சார், என்னாச்சு? சார்?" என்று போன் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எட்டு நிமிடத்துக்கு முன்புதான் மருதை விறகு போட்டிருக்கிறார்! நேற்று முழுக்க அசையாத சாக்கு இன்று ஒருவேளை எங்காவது ஓட்டையாகி, சூடு உள்ளே போயிருந்தால்? இன்னொரு முறை பூந்தி வாங்க எனக்குத் தெம்பில்லை.

"மருதை!" என்று கத்தினேன். "இங்க வாங்க! சீக்கிரம்!"

முழங்கை வரைக்கும் சாம்பலோடு வந்தார். திரையை அவர் பக்கம் திருப்பினேன். "நீங்களே சொல்லுங்க. இது உங்க அடுப்பா?"

அவர் குந்தி உட்கார்ந்தார். முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனார். "இருங்க சார். எறங்கட்டும்" என்றார்.

"ஏறியாச்சே, இன்னும் என்ன?"

"ஏறுறத வச்சுச் சொல்ல முடியாதுங்க. எறங்குறப்பதான் தெரியும்."

தேர்வுக்கூடத்தில் பிள்ளைகளை இத்தனை வருடமாக நான் எப்படித் தவிக்க விட்டிருக்கிறேன் என்று அந்தப் பத்து நிமிடத்தில் புரிந்தது. கோடு உச்சிக்குப் போனது. கொஞ்ச நேரம் நின்றது. இறங்கத் தொடங்கியது. ஏறின அதே வேகத்தில் இறங்கியது. பழைய இடத்துக்கு வந்தது, அங்கே நிற்கவில்லை, அதற்கும் கீழே போனது. ஒலிபெருக்கியில் வெண்ணிலா, "சார், எங்க ரெண்டு படமும் இப்படித்தான் சார் இருக்கு, அச்சு அசல்!" என்று சொல்வது கேட்டது. மருதையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருதை எழுந்து நின்றார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இது நம்ம அடுப்பு இல்லைங்க சார். அடுப்பு சட்டுனு ஏறும், எறங்குறதுக்கு நேரமெடுக்கும். இது ஏறுறதும் எறங்குறதும் ஒரே மாதிரி போகுது. அதுலயும் கோட்டுக்குக் கீழ போகுது பாருங்க, நம்ம அடுப்பு அங்க போகவே போகாது. வெறகுக்கும் இதுக்கும் ஒரு சம்மந்தமும் இல்ல." துண்டை உதறித் தோளில் போட்டார். "இது ஒங்களுதுதான் சார்."

நான் போட்ட சத்தத்தில் மேல்மாடியில் கொழுந்து வாட்டிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். லோகநாதன் என்னைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை, நான் அவரைத் தூக்கினேன். சலிக்கிற பெண்கள் முகத்துணியை இறக்கிவிட்டுச் சிரித்தார்கள். போனில் வெண்ணிலா அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"சார், சார், பேசினது யாரு சார்?" என்று கேட்டார்.

"எக்ஸாமினர், மேடம்" என்றேன். "பாஸ் போட்டுட்டாரு."